பின்னறையில் ஐந்து பாம்புகள்: நஞ்சுள்ள பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கு ஆராயப்படும் நிகழ்வு இலங்கையின் அம்பாறை மாவட்டத்தின் கரையோர வயற்கிராமம் ஒன்றில் நடந்ததாக அமைக்கப்பட்டுள்ளது. இதில் வரும் இளைஞர் உண்மையில் வாழும் ஒரு தனிமனிதர் அல்லர். வெவ்வேறு சந்தர்ப்பங்களில் எழக்கூடிய சட்டக் கேள்விகள் ஒரே வீட்டில் சந்திக்கட்டும் என்பதற்காக வரையப்பட்டவர். ஆனால் அவருடைய செயல்களை அளக்கப் பயன்படும் சட்டங்களும் பாம்புகளின் இயல்புகளும் மருத்துவ விவரங்களும் வரையப்பட்டவை அல்ல.

நிகழ்வு

அவர் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். முப்பது வயதை நெருங்குபவர். மாரியில் வாய்க்கால்கள் நிரம்பி வரம்புகளில் உள்ள வளைகளுக்குள் நீர் ஏறியதும், பாம்புகள் மேட்டு நிலம் தேடி வீட்டு வளவுகளுக்கும் நெல்மூட்டை அடுக்கிய அறைகளுக்கும் வந்து சேர்வது அப்பகுதியில் ஆண்டுதோறும் நடப்பது. அத்தகைய வேளைகளில் அயலவர்கள் பொல்லைத் தேடாமல் இவருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். இவரும் வளைகம்பியும் துணிப்பையுமாக வந்து பாம்பைப் பிடித்துச் செல்வார். கூலி கேட்டதில்லை. பிடித்ததைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகவே ஊர் நம்பியிருந்தது.

உண்மையில் சிலவற்றை மட்டுமே விட்டிருந்தார். வீட்டின் பின்னறையில், மூடி துளைக்கப்பட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் நான்கிலும் பழைய மீன்தொட்டி ஒன்றிலுமாக ஐந்து பாம்புகள் இருந்தன. அயல்வீட்டுக் கோழிக்கூட்டில் பிடித்த நாகம் ஒன்று. அறுவடை வயலில் பிடித்த கண்ணாடிப் புடையன் ஒன்று. அவர் கட்டுவிரியன் என்று கூறிய இரண்டு. மலையகத்திலிருந்து நண்பர் ஒருவர் மூலம் பணம் கொடுத்துப் பெற்ற பச்சைக் குழிவிரியன் ஒன்று. அவற்றுக்கு இரை கொடுப்பதையும் பெட்டியை மாற்றுவதையும் காணொளியாக எடுத்துச் சமூக ஊடகத்தில் இட்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் பச்சைப் பாம்பின் விலையைக் கேட்டபோது, “அனுப்ப வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்” என்று பதில் எழுதியிருந்தார். இந்த ஒரு வரியே பின்னர் எல்லாவற்றையும் விடப் பாரமாகிப்போனது.

அயல்வீட்டுச் சிறுபிள்ளை ஒருநாள் அந்த அறைக் கதவைத் திறந்துவிட்டது. எவருக்கும் எதுவும் நேரவில்லை. ஆனாலும் பிள்ளையின் தந்தை முறையிட்டார். வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்கள் பொலிஸாருடன் வந்து ஐந்தையும் கைப்பற்றினர். இளைஞர் எதையும் மறைக்கவில்லை. தம் தரப்பாக மூன்று நியாயங்களைக் கூறினார்: இவை ஆட்கொல்லிப் பாம்புகள், சட்டம் இவற்றைப் பாதுகாப்பதில்லை; தாம் பிடிக்காவிட்டால் ஊரார் அடித்துக் கொன்றிருப்பார்கள், ஆகவே தாம் காப்பாற்றியவர்; இலண்டனில் தம் மச்சான் ஒருவர் இதேபோன்ற பாம்பை அரசாங்க அனுமதியுடன் வளர்க்கிறார், அங்கே சரியானது இங்கே குற்றமாக முடியாது.

மூன்றுமே முட்டாள்தனமான நியாயங்கள் அல்ல. முதலாவதில் பாதி உண்மை உண்டு, இரண்டாவதில் பெரும்பங்கு உண்மை உண்டு. எனவேதான் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“ஆட்கொல்லிப் பாம்புக்குப் பாதுகாப்பு இல்லை”

இத்துறையின் முதன்மைச் சட்டம் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். அது பலமுறை திருத்தப்பட்டது. இங்கு நமக்கு முக்கியமானவை 1993 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கச் சட்டமும் 2009 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமும். இன்று நடைமுறையிலுள்ள 30 ஆம் பிரிவின் அமைப்பைப் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட ஊர்வன எவை என்று அது பட்டியலிடுவதில்லை. எல்லா ஊர்வனவும் பாதுகாக்கப்பட்டவை என்ற நிலையிலிருந்து தொடங்கி, இரண்டாம் அட்டவணையில் பெயர் குறிக்கப்பட்டவற்றை மட்டும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்துகிறது. ஆகவே ஒரு பாம்பின் பெயர் அட்டவணையில் இல்லாவிட்டால், அது ஆளைக் கொல்லும் நஞ்சுடையதாயினும் பாதுகாக்கப்பட்டதே. அட்டவணை உயிரினத்தின் பெயரைத்தான் பார்க்கிறது. நஞ்சின் கடுமையைப் பார்ப்பதில்லை. சம்பவ நாளன்று நடைமுறையிலிருந்த அட்டவணையே கணக்கில் எடுக்கப்படும் என்பதால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் வழக்குத் தொடுநரும் முதலில் செய்யவேண்டிய வேலை அந்தப் பக்கத்தைத் திறந்து ஐந்து பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடுவதுதான்.

பெயரைத் தேடுவதற்கு முன் பெயர் சரியாக இருக்க வேண்டும் என்பது இந்நிகழ்வில் உடனே வெளிப்பட்டது. கட்டுவிரியன் எனப்பட்ட இரண்டில் ஒன்று கட்டுவிரியனே அன்று. அது ஓநாய்ப் பாம்பு. கூரைக்குள் பல்லி தேடித் திரியும், மனிதருக்குத் தீங்கற்ற ஓர் உயிர். இரண்டுக்கும் கருமேனியில் வெண்பட்டைகள் உண்டு. இரண்டும் இரவில் நடமாடுவன. அரைவெளிச்சத்தில் பழகிய கண்ணே தடுமாறும். ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கிவிடும். கட்டுவிரியனில் பட்டைகள் தலையிலிருந்து சற்று விலகியே தொடங்கி, வால்வரை செல்லும். அதைவிட உறுதியான அடையாளம் முதுகின் நடுவரியில் உள்ளது: கட்டுவிரியனுக்கு அங்கே அறுகோண வடிவில் பெருத்த செதில்கள் ஒரு வரிசையாக அமைந்திருக்கும், ஓநாய்ப் பாம்புக்கு அது இல்லை. கைப்பற்றல் அறிக்கையில் “விரியன் 2” என்று எழுதிவிட்டு நீதவான் முன் போகும் வழக்கு, இந்த ஒரு வரிசைச் செதிலிலேயே தடுக்கி விழலாம். மறுபக்கம், நஞ்சில்லாத பாம்பென்றால் வைத்திருப்பது சிறிய விடயம் என்று நினைப்பவரும் ஏமாறுவார். 30 ஆம் பிரிவின் முன் தீங்கற்றது, தீங்குள்ளது என்ற பேதமே கிடையாது.

பச்சைக் குழிவிரியனின் நிலை வேறு. அது உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் இனம். மரக்கிளையில் சுருண்டு கிடக்கும் அதன் பச்சையும் கருவரியும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களை ஈர்ப்பதால், விலை பேசப்படும் பாம்பும் அதுவாகவே இருக்கிறது. அதை இவர் பிடிக்கவில்லை, வாங்கினார். ஆனால் பிடிப்பது மட்டுமே குற்றம் என்ற எண்ணம் தவறானது. பாதுகாக்கப்பட்ட ஊர்வனவற்றை உடைமையில் வைத்திருப்பதும் விற்பனைக்கு முன்வைப்பதும் தனித்தனியே தடுக்கப்பட்டவை. “நான் பிடிக்கவில்லை, வாங்கினேன்” என்ற கூற்று ஒரு குற்றச்சாட்டிலிருந்து நழுவி இன்னொன்றை ஒப்புக்கொள்வதாகவே முடியும்.

ஒரு பாம்பு இரண்டாம் அட்டவணையில் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் இளைஞரின் முதல் நியாயம் முழுமையாக நிற்காது. எங்கே பிடித்தார் என்பது அடுத்த கேள்வி. அம்பாறை மாவட்டத்தில் இக்கேள்வி சாதாரணமானதன்று: 1954 இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசியப் பூங்கா, 1980 இல் அறிவிக்கப்பட்ட லாகுகல கித்துலான, தெற்கே குமண என்று மாவட்டத்தின் பெரும் பரப்பு காப்புநிலமாக உள்ளது; இவற்றோடு சரணாலயங்களும் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் எந்தக் காட்டுயிரையும் பிடிக்க முடியாது. அட்டவணை விலக்கு அங்கே செல்லுபடியாகாது. சரணாலயத்தில் இது இன்னும் சிக்கலாகிறது, ஏனெனில் சரணாலய எல்லைக்குள் தனியார் காணிகளும் அடங்கலாம். தன் சொந்த வயலில் தான் பிடித்த பாம்பு என்று ஒருவர் மனமார நம்பியிருக்க, அந்த வயல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட சரணாலய எல்லைக்குள் கிடக்கலாம். இளைஞரின் காணொளிகளில் பதிவாகியிருந்த இடக்குறிப்புகளை உத்தியோகத்தர்கள் வரைபடத்தோடு ஒப்பிட்டது இதற்காகவே. இந்நிகழ்வில் அவை எல்லைக்கு வெளியே விழுந்தன. அது அவருடைய அதிர்ஷ்டம், கவனத்தின் பலன் அன்று.

மேலும், ஒரு சட்டம் ஒன்றைத் தடுக்கவில்லை என்பதை அது அனுமதிக்கிறது என்று வாசிப்பதே இங்கு நடக்கும் அடிப்படைப் பிழை. கொல்வது குற்றமில்லாத ஓர் உயிரைப் பெட்டியில் அடைத்து வைப்பதற்கு வேறு சட்டங்கள் பதில் கேட்கின்றன. 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் வீட்டு விலங்குகளுக்கு மட்டுமானது என்று பலரும் எண்ணுகிறார்கள். சிறைப்பிடிக்கப்பட்ட ஊர்வனவும் அதன் வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன. பல் பிடுங்குவதும் வாயைத் தைப்பதும் அங்கே வதையாகவே பார்க்கப்பட வேண்டியவை. பல் பிடுங்குவதால் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. பாம்பின் நச்சுப்பல்லுக்குப் பின்னால் மாற்றுப்பற்கள் வரிசையில் காத்திருக்கின்றன, விழுந்த இடத்தைப் புதியது பிடித்துக்கொள்ளும்.

“நான் காப்பாற்றியவன்”

இரண்டாவது நியாயமே எனக்கு மிகவும் சிரமம் தந்தது. இவர் இல்லாதிருந்தால் அந்த நாகமும் புடையனும் பொல்லடியில் செத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாகதம்பிரானுக்குப் பால் வைக்கும் கையே வளவுக்குள் வந்த பாம்பைக் கண்டால் பொல்லை எடுக்கிறது. இதில் முரண்பாடு இருப்பதாக ஊரில் யாரும் எண்ணுவதில்லை. அந்தச் சூழலில் பாம்பை உயிரோடு அகற்றக்கூடிய ஒருவர் ஊருக்குத் தேவை. திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் தொலைவிலிருந்து வந்து சேர்வதற்குள் பாம்பு அடுப்படிக்குள் போயிருக்கும் என்பதும் நடைமுறை உண்மை.

ஆனால் காப்பாற்றுவது என்பது பிடித்த கணத்தோடு முடிவதில்லை. பாம்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதோடு முடிகிறது. எத்தனை மணிநேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று இவ்வளவு நுணுக்கமாகக் கட்டளைச் சட்டத்திலிருந்து ஒரு கோடு கிழிக்க நான் முயலமாட்டேன். எனினும் நீதிமன்றம் நோக்கத்தை ஊகிக்கும்போது பார்ப்பவை எளிமையானவை: பிடித்தவுடன் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கோ அருகிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ அறிவித்தாரா, கிராம உத்தியோகத்தருக்காவது தெரிந்திருந்ததா, பிடித்த இடமும் நாளும் விட்ட இடமும் எங்காவது எழுதப்பட்டனவா. இவற்றில் ஒன்றும் இல்லாமல், பெட்டியும் இரையும் காணொளியும் இருந்தால், அதைக் காப்பாற்றல் என்று அழைக்க நல்லெண்ணம் மட்டும் போதாது. இரை வாங்கிய பற்றுச்சீட்டு ஒன்றே வளர்க்கும் நோக்கத்தைக் காட்டப் போதுமானதாகிவிடலாம்.

அறிவியல் ஆய்வுக்கும் நச்சு எடுப்பதற்கும் பாம்புகளை வைத்திருக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அது அனுமதியின் வழியே. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பாம்பு நச்சு ஆய்வுகூடமும் பேராதனையின் ஆய்வு முயற்சிகளும் அத்தகைய நிறுவனச் சூழலில் நடந்தவை. அங்கே அனுமதி கேட்கும் ஆள் மட்டுமல்ல, நோக்கமும் இடமும் பொறுப்பாளரும் ஆராயப்படுகின்றன. பொழுதுபோக்குக்காக வீட்டில் வளர்க்கிறேன் என்ற நோக்கம் அந்த வாசலுக்குள் நுழைவதில்லை.

இவ்விடத்தில் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் அளிக்கம்பையில் வாழும் வனக்குறவர்கள், தெலுங்கு வேர்கொண்டவர்கள். நாகத்தை ஆட்டிப் பிழைப்பது அவர்களுடைய முன்னோரின் தொழில்களில் ஒன்று. இந்நிகழ்வின் இளைஞருக்குக் கைத்தொலைபேசியும் பார்வையாளர்களும் உண்டு. கூடையோடு நடந்து செல்லும் முதியவர் ஒருவருக்கு அவை இல்லை. சட்டம் இருவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், தெருவில் எளிதாகக் கைக்கு எட்டுபவர் எவரோ அவர்மேல்தான் அது முதலில் விழும் என்பது என் அச்சம். வாழ்க்கைத் தொழில் என்பது குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்காவிட்டாலும், தண்டனையை அளக்கும்போது கட்டாயம் முன்வைக்கப்பட வேண்டிய ஒன்று.

“இலண்டனில் அனுமதிக்கிறார்கள்”

மச்சானைப் பற்றி இளைஞர் கூறியது பொய்யன்று. பிரித்தானியாவின் 1976 ஆம் ஆண்டு ஆபத்தான காட்டுவிலங்குகள் சட்டத்தின்கீழ், நாகம், விரியன் குடும்பங்களைச் சேர்ந்த பாம்புகளை உள்ளூராட்சி மன்றத்தின் உரிமத்தோடு தனியார் வளர்க்கலாம். அதற்குக் கால்நடை வைத்தியரின் பரிசோதனையும் மூன்றாம் தரப்பினருக்கான காப்புறுதியும் வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நச்சு ஊர்வன உரிமம் கோருபவர் 1,000 மணிநேரச் செய்முறை அனுபவத்தைக் காட்ட வேண்டும். அவை ஆபத்தை மையமாகக் கொண்ட சட்டங்கள்: ஆளைக் கொல்லக்கூடியதை வீட்டில் வைக்க விரும்பினால் எப்படி வைக்கிறாய் என்று கேட்பவை. நம்முடைய கட்டளைச் சட்டம் உயிரினத்தை மையமாகக் கொண்டது: காட்டிலிருந்து ஏன் எடுத்தாய் என்று கேட்பது. முன்னதன் உரிமத்தைக் கொண்டுவந்து பின்னதன் கேள்விக்கு விடையாக வைக்க முடியாது.

தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள், அங்கு பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களைச் சுட்டுவதும் உண்டு. இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னர், பாம்புத்தோல் வணிகம் நின்றுபோய்ப் பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978 இல் சென்னைக்குத் தெற்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அவர்கள் அரசின் அனுமதியோடு, வரையறுத்த எண்ணிக்கையில் பாம்புகளைப் பிடித்து, நஞ்செடுத்து, பின்னர் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இலங்கையின் மருத்துவமனைகளில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்தும் இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு இந்தியாவில் தயாரிக்கப்படுவதே. அது தனிநபர் ஆர்வத்தின் முன்னுதாரணம் அன்று. ஒரு தொழிலை அனுமதிக்குள் கொண்டுவந்ததன் முன்னுதாரணம்.

வெளிநாட்டவருக்கு எழுதிய அந்த ஒற்றை வரிக்கு வருவோம். அருகிவரும் காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979 இல் இணைந்தது. அதன் இரண்டாம் பின்னிணைப்பில் நாகம் உள்ளது. கண்ணாடிப் புடையன் இந்தியாவின் கோரிக்கையால் மூன்றாம் பின்னிணைப்பில் உள்ளது. இரண்டாம் பின்னிணைப்பு என்றால் அனுமதியோடு வணிகம் செய்யலாம்தானே என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். உடன்படிக்கையின் 14 ஆம் உறுப்புரையோ, உறுப்பு நாடுகள் தம் எல்லைக்குள் இன்னும் கடுமையான விதிகளை வைத்திருக்கும் உரிமையைக் காப்பாற்றுகிறது. இலங்கை அப்படியே செய்துள்ளது: கட்டளைச் சட்டம் உயிருள்ள ஊர்வனவற்றின் ஏற்றுமதியைத் தடுத்து, ஆய்வு போன்ற குறுகிய நோக்கங்களுக்கு மட்டுமே அனுமதியின் வழியே திறந்துவிடுகிறது, அதற்கு மேல் சுங்கச் சட்டமும் உண்டு. பாம்பு அனுப்பப்படவில்லை, ஆகவே ஏற்றுமதிக் குற்றம் நிறைவேறவில்லை. ஆனால் அந்த வரி காப்பாற்றல் என்ற நியாயத்தை உடைத்துவிட்டது. காப்பாற்றியதை எவரும் விலை பேசுவதில்லை.

கடிபட்டிருந்தால்

பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லை என்பதால் இப்பகுதியைத் தவிர்க்க முடியாது. இலங்கையின் பொதுச்சட்டமான உரோம டச்சுச் சட்டத்தில், வளர்ப்பு விலங்கு தன் இயல்புக்கு மாறாகச் செய்யும் தீங்குக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்கும் கோட்பாடு உண்டு. நாகம் கடிப்பது அதன் இயல்புக்கு மாறானதன்று என்பதால் அக்கோட்பாடு இங்கே தடுமாறும். ஆனால் அலட்சியத்தை அடிப்படையாகக் கொண்ட வழக்குக்கு அத்தகைய தடை இல்லை. பூட்டில்லாத கதவும் துளையிட்ட மூடியும் அதற்குப் போதும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் அறிவும் கேள்விக்குள்ளாகும்.

மருத்துவப் பக்கம் இன்னும் இறுக்கமானது. கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்பட்டது. பச்சைக் குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. அதன் கடிக்கு வைத்தியர்கள் ஆதரவுச் சிகிச்சையையே நம்ப வேண்டும். வெளிநாட்டுப் பாம்பொன்றை யாராவது கடத்திவந்து வளர்த்தால், கடிபட்ட நாளில் நாட்டில் மருந்தே இருக்காது. கட்டுவிரியன் கடியோ வலியில்லாமலே நிகழக்கூடியது. பாயில் படுத்திருப்பவர் விடியும்போது இமை திறக்க முடியாமல் தவிப்பார், பின்னர் மூச்சுத் தசைகள் ஓயும். புடையன் கடியில் இரத்தம் உறைவது கெடும். மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கும் எளிய சோதனை அதைக் காட்டிவிடும்.

சட்டவிரோதமாகப் பாம்பு வளர்ப்பவர் கடிபட்டால் செய்யும் மிகக் கேடான காரியம், வழக்குக்குப் பயந்து நாட்டு வைத்தியரான பரியாரியிடம் போய் நேரத்தை இழப்பதும், மருத்துவமனைக்குப் போனாலும் பாம்பின் பெயரை மறைப்பதும்தான். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைப்பவரிடம் எவரும் அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ அம்பாறையிலோ வைத்தியருக்கு வேண்டியது எந்தப் பாம்பு, எத்தனை மணிக்கு என்பது மட்டுமே. இதை வளர்ப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு சட்டம் படித்தவர்களுக்கும் உண்டு. ஏனெனில் அவர்களுடைய பயம் நம்முடைய சட்டத்திலிருந்து பிறக்கிறது.

முடிவு எப்படி அமையும்

வழக்கு ஐந்து பாம்புகளுக்கும் ஒன்றாக அமையாது. பச்சைக் குழிவிரியனைப் பொறுத்தவரை, அதன் பெயர் அட்டவணையில் இல்லையேல், உடைமையும் விற்பனை நோக்கமும் சேர்ந்து குற்றச்சாட்டு வலுவாக நிற்கும். ஓநாய்ப் பாம்பை அவர் வேறொன்றென்று நம்பியது தண்டனையைக் குறைக்க உதவலாம். உடைமையை மறுக்க உதவாது. மற்ற மூன்றிலும் முடிவு அட்டவணையையும் பிடித்த இடத்தையும் பொறுத்தது; அங்கே எதிர்த்தரப்புக்கு உண்மையான வாதம் உண்டு, அதை அச்சத்தால் கைவிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்வது நல்ல ஆலோசனை அன்று. முதல் நாளே ஐந்துக்கும் சேர்த்து ஒரே வாக்குமூலத்தில் ஒப்புதல் எழுதிக் கொடுத்தால், பின்னர் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

எஞ்சுவது பாம்புகளை என்ன செய்வது என்பது. சான்றுப்பொருளாக அவை நீண்டநாள் பெட்டியில் கிடக்கக் கூடாது. புகைப்படமும் இன அடையாள அறிக்கையும் எடுத்தபின் அகற்ற நீதவானின் கட்டளையை விரைவாகப் பெறவேண்டும். குழிவிரியனை அம்பாறையின் வயல்வெளியில் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். அது எந்த மலைச்சரிவிலிருந்து வந்தது என்பதை விற்ற நண்பர் சொல்லாதவரை தெஹிவளை மிருகக்காட்சிசாலை போன்ற ஓரிடமே வழி. மற்றவற்றைப் பிடித்த இடத்துக்கு அருகிலேயே, குடிமனைக்கு விலகி விடவேண்டும். எங்கே பிடித்தது என்பதை இளைஞர் எழுதி வைக்கவில்லை. ஆகவே அவருக்கு எதிராகத் திரட்டப்பட்ட காணொளிகளின் இடக்குறிப்புகளைக் கொண்டே விடுவிக்கும் இடங்களையும் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.